வலது காலில் கட்டிய துணி

என்னை நல்ல ஆட்டக்காரன் என்று யாரும் சொன்னதில்லை. சேலத்து மைதானங்களில் பதினான்கு வருஷம் பந்து உதைத்திருக்கிறேன். அத்தனை வருஷத்தில் ஒருவர்கூட, கள் உள்ளே போன நேரத்தில்கூட, அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. 'அவன் வர்றான், ஒதுங்கிக்க' என்றுதான் சொன்னார்கள். அதில் எனக்கு அப்போது பெருமை. கோலுக்கு முன்னால் பேக் என்று இரண்டு பேர் நிற்பார்கள். அதில் இடப்பக்கம் நிற்பவன் நான். வருகிறவனிடமிருந்து பந்தைப் பிடுங்குவது என் வேலை. பந்து கிடைக்காவிட்டால் கால் கிடைக்கும். இரண்டும் கிடைக்காமல் நான் திரும்பியதாக ஞாபகம் இல்லை.

எங்களுடையது தறி வீடு. பத்து வயதில் தறிக்குழியில் காலை இறக்கி, இழைகளுக்கு நடுவே ஊடுநூலோடு ஓடும் நாடாவைக் கையில் பிடித்தேன். மிதிக்கட்டையை மிதித்து மிதித்து இறுகிய கால் இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு ஆட்களுக்கும் ரயில்வே ஆட்களுக்கும் ஆட்டம். அவர்கள் பக்கம் இருந்த கெட்டிக்காரனை ஆட்டம் தொடங்கிக் கால்மணி நேரத்தில் கட்டிலில் படுக்கவைத்தேன். ரயில்வே அணியைப் பார்த்துக்கொண்ட போர்மன் சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர். என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் என் கணுக்காலைக் குனிந்து பார்த்தார், குதிரை வாங்குகிறவர் பார்ப்பது போல. மறுவாரம் சூரமங்கலத்தில் எனக்கு வேலை. ஒருவன் காலை உடைத்ததற்குக் கிடைத்த வேலை அது. என் உத்தியோக வாழ்க்கை இப்படித்தான் ஆரம்பித்தது என்று இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. அப்போது அல்வா வாங்கித் தெருவுக்கே கொடுத்தேன்.

ரயில்வேயில் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டத்துக்காக எடுக்கிற ஆளை டெம்பரவரி கலாசி என்று எழுதிக்கொள்வார்கள். காலையில் பெயருக்குக் கொஞ்சம் கரி அள்ளவேண்டும், எஞ்சின் துடைக்கவேண்டும். சாயங்காலம் பந்து. வருஷத்துக்கு ஒருமுறை கோப்பைக்கான ஆட்டங்கள் நடக்கும். கடைசி ஆட்டத்தன்று பெரிய துரை மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். ஆட்டம் முடிந்ததும் எங்களை வரிசையாக நிறுத்துவார்கள். துரை ஒருவனை விரலால் காட்டுவார். அவன் பெர்மனென்ட். மிச்சப்பேர் இன்னொரு வருஷம் காலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு காத்திருக்கவேண்டும். நடுவில் கால் போனால் பெயரை அடித்துவிடுவார்கள். துரைக்குத் தமிழ் தெரியாது. எங்கள் முகமும் தெரியாது. காலைத்தான் தெரியும்.

அதனால் காலில் நோவு என்றால் அதை மறைப்பதே பெரிய வித்தை. நாங்கள் வெறுங்காலில் ஆடுகிறவர்கள். அடிபட்ட காலில் துணி சுற்றிக்கொண்டு இறங்கினால் எதிராளிக்கு அடையாளம் காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடும். எனவே நோவு இருக்கும் காலை வெறுமனே விட்டு, நல்ல காலில் துணி கட்டிக்கொள்வோம். எதிராளி கட்டைப் பார்த்து ஏமாந்து நல்ல காலுக்கே வருவான். ரயில்வே ஆட்களுக்குள் மட்டும் இருந்த ரகசியம் இது. பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் எனக்குச் சொன்னார்கள்.

மூன்றாவது வருஷம் துரையின் விரல் என்னைக் காட்டியது. அதற்கப்புறம் எனக்கென்ன கவலை, ஆள் ஆளாக உடைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து வயதில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஓடி வருகிறவனைப் பிடிக்கமுடியவில்லை. போர்மன் என்னை நிறுத்திவிட்டு, கோச் என்றார். ஆட்டக்காரர்களைப் பழக்கவேண்டுமாம். எனக்குத் தெரிந்ததே ஒரு வேலை. அதைப் பழக்கிக்கொடுக்க முடியாது, அது சுபாவம். ஆகவே அவர்களை ஓடவிட்டேன். தண்டவாளத்து ஓரத்து ஜல்லிக்கல்லில் வெறுங்காலோடு ஓடவேண்டும். பின்தங்குகிறவனின் குதிகாலைப் பார்த்துச் சின்ன ஜல்லியாக எடுத்து எறிவேன். ஒவ்வொருவனுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தேன். நொண்டிக்கோழி, அழுமூஞ்சி, ஊறப்போட்ட உளுந்து. ஒருவன் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவனை அவன் பிள்ளைகளுக்கு எதிரிலேயே அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் டெம்பரவரி, நான் ஒருவன்தான் பெர்மனென்ட்.

யுத்தம் வந்தது. நூல் கிடைக்காமல் போனது. வெண்ணந்தூரில் என் மாமனார் வீட்டுத் தறியைத் துணி போட்டு மூடிவிட்டார்கள். அந்த வீட்டில் என் மனைவிக்கு ஒரு தம்பி, என்னைவிடப் பத்து வயது இளையவன். கல்யாணமாகி ஒரு குழந்தை இருந்தது, இன்னொன்று வயிற்றில். அவன் ஏரிக்கரையில் பந்து ஆடுவான் என்று கேள்விப்பட்டிருந்தேன், பார்த்ததில்லை. என் மனைவி என்னிடம் அதிகம் எதையும் கேட்கிறவள் அல்ல. அந்தத் தடவை கேட்டாள்.

"அவங்க சோறுங்கறதே பாத்து நாலு நாளாச்சுங்க. களியக் கரைச்சுக் குடிச்சுக்கிட்டு இருக்கறாங்க. ரயிலுல எதாச்சும் சேத்து உடுங்க."

சரி, ஆடிக்காட்டச் சொல் என்றேன். வந்தான். சூரமங்கலத்து மைதானத்தில் நான் பந்தை அவன் பக்கம் உருட்டிவிட்டேன். அவன் அதை எடுத்துக்கொண்டு என் ஆட்கள் ஐந்து பேருக்கு நடுவில் போய்த் திரும்பி வந்தான். யார்மேலும் இடிக்கவில்லை. பந்து அவன் காலை விட்டு ஒரு சாணுக்குமேல் நகரவில்லை. ஐந்து பேரும் சிரித்துக்கொண்டே நின்றார்கள். ஏமாந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு அல்ல, பலகாரம் கிடைத்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு. எனக்கு வயிறு எரிந்தது. இதை வேறு நாகரிகமான வார்த்தையில் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. பதினான்கு வருஷம் நான் பார்த்துப் பார்த்து உடைத்த கால்களில் ஒன்றுகூட இப்படி இல்லை என்பது அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துபோயிற்று.

போர்மனிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். அவனுக்கு ரயில்வே லைன் வீடு ஒன்றில் பாதி கிடைத்தது. அதன்பிறகு இரண்டு வருஷம் என் கீழே ஆடினான். அவனுக்கு நான் கற்றுக்கொடுத்தது ஒன்றும் கிடையாது. மற்றவர்களுக்கு ஐந்து சுற்று என்றால் அவனுக்கு ஏழு சுற்று. 'வெண்ணந்தூர் மகாராணி' என்று பெயர் வைத்தேன். அதற்கும் சிரித்தான். ஒவ்வொரு கோல் போட்டதும் மற்ற ஆட்கள் அவனைத் தூக்கிக்கொள்வார்கள். அவன் அவர்கள் தோளுக்கு மேலிருந்து என் பக்கம் பார்ப்பான். நான் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு வேறு எங்காவது பார்ப்பேன்.

என் மனைவி ஒருநாள் கேட்டேவிட்டாள். "நல்லா ஆடுனேடான்னு ஒரு வார்த்த சொன்னா உங்க வாயில இருக்கற முத்து உதுந்துருமாக்கும்? உங்ககிட்ட அந்த ஒரு பேச்சுக் கேக்கறதுக்குத்தான் அவன் இந்த ஓட்டம் ஓடறான்."

"சொன்னா தலைக்கேறிரும்" என்றேன். கோச் என்றால் இப்படித்தான் சொல்லவேண்டும் என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் தகரக் குழலைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் மைதானத்தில் மேடையோ படிக்கட்டோ கிடையாது. முன்னால் இருப்பவன் உட்கார்ந்திருப்பான், அவனுக்குப் பின்னால் இருப்பவன் நிற்பான், அதற்கும் பின்னால் இருப்பவனுக்கு முதுகுதான் தெரியும். ராசிபுரத்திலிருந்தும் மல்லசமுத்திரத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். கொட்டகை சினிமாக்காரர்கள் மாட்டுவண்டியில் தெருத்தெருவாக விளம்பரம் சொல்லிப் போவார்களே, அந்த நீளமான தகரக் குழல், அதில் ஒன்றை யாரோ இரவல் வாங்கி வந்து என் கையில் கொடுத்தார்கள். யாரிடம் பந்து இருக்கிறது என்று பின்னால் இருப்பவர்களுக்குச் சொன்னால் போதும் என்றார்கள். கோச்சுக்கு ஆட்டத்தின் நடுவில் வேறு வேலை இல்லை. கோட்டோரமாக நடந்துகொண்டே சொல்ல ஆரம்பித்தேன்.

முதல் நாள் பந்து யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். இரண்டாம் நாள் ஒரு கிண்டல் செய்தேன். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் என்னைப் பார்த்து ஜனங்கள் பயந்திருக்கிறார்கள், திட்டியிருக்கிறார்கள், மண்ணை வாரித் தூற்றியிருக்கிறார்கள். மகிழ்ந்தது அன்றுதான். அதற்கப்புறம் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் உட்கார்ந்து யோசித்து வைத்துக்கொண்டு போவேன். அதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் ஆளைத் தூக்கவேண்டும், பிறகு கீழே போடவேண்டும். "அதா பாருங்க நம்ம கோல்கீப்பரு, கையை விரிச்சுக்கிட்டு என்ன அழகா நிக்கறாரு, கல்யாண வாசல்ல நின்னு வாங்க வாங்கங்கற மாதிரி! பந்தையும் அப்படித்தான் வாங்கன்னு உள்ள உடுவாரு!" இந்த மாதிரி. உயரத் தூக்கினால்தான் விழும்போது சத்தம் கேட்கும். எவனைத் தூக்குகிறேன், அவனுக்கு எங்கே அடிபடுகிறது என்பதெல்லாம் எனக்குக் கணக்கில்லை. ஆட்டம் பார்க்க வந்த கூட்டம் போய், என் பேச்சைக் கேட்கக் கூட்டம் வர ஆரம்பித்தது.

அந்த வருஷக் கடைசி ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. துரையின் விரல் இந்தத் தடவை என் மைத்துனனைத்தான் காட்டும் என்பதில் சூரமங்கலத்தில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. டீக்கடையில் அதையே பேசினார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் அன்று சாயங்காலம் மைதானத்துக்குப் போனேன். பழைய ரயில் கட்டைகளை இடுப்பு உயரத்துக்கு அடுக்கி, எல்லோரையும் தாண்டச் சொன்னேன். ஆளுக்குப் பத்து தடவை. மற்றவர்களை அனுப்பிவிட்டு அவனை மட்டும் இன்னும் பத்து தாண்டச் சொன்னேன். ஆறாவது தடவை, "கால் நடுங்குதுங்க மாமா" என்றான். "மகாராணிக்குப் பல்லக்கு வரச்சொல்லட்டுமா?" என்றேன். ஏழாவது தடவை கட்டை தடுக்கி, இடது முழங்கால் மடங்கி விழுந்தான்.

முட்டி பனங்காய் அளவுக்கு வீங்கியது. அவன் வலியைப் பற்றிப் பேசவில்லை.

"துரை காதுக்குப் போயிராமப் பாத்துக்குங்க மாமா. இந்த வருசம் எம்பட பேரு வந்துரும்னு சொல்றாங்க. வராட்டி ஊருக்குத்தான் போவோணும். அங்க தறியில ஒட்டடை கட்டிக் கெடக்குது. ரெண்டு புள்ளைங்களையும் வெச்சுக்கிட்டு நான் என்னங்க பண்ணுவேன்?"

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். காய்ச்சல் என்று போர்மனிடம் சொல்லி அவனை லைன் வீட்டுக்குள்ளேயே படுக்கவைத்தேன். பத்து நாளில் வீக்கம் வடிந்தது. பார்வைக்குக் கால் சரியாக இருந்தது. ஓடும்போதுதான் உள்ளே ஏதோ இடம் மாறுகிறது என்றான். கடைசி ஆட்டத்தன்று என் பழைய வேட்டியைக் கிழித்து, அவன் வலது முழங்காலில் நானே கட்டினேன். முடிச்சு வெளியில் தெரியும்படி பெரிதாகப் போட்டேன். அவன் குனிந்து என் காலைத் தொட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

எதிர்ப்பக்கம் பக்கத்து ஜில்லாவின் மில் ஆட்கள். அவர்களில் இரண்டு பேர் பூட்ஸ் போட்டிருந்தார்கள். ஒருவன் பேக், என் மாதிரியே இடப்பக்கம். கழுத்தே இல்லாத தடியன். ஐந்து நிமிஷம் பார்த்தேன்; நம் ஜாதி என்று தெரிந்துகொண்டேன். அவன் கண் பந்தில் இல்லை, அந்த வேட்டிக் கட்டில் இருந்தது. மூன்று தடவை வலது முழங்காலுக்குக் குறிவைத்து வந்தான். மூன்று தடவையும் என் மைத்துனன் அந்தப் பக்கம் இடம் கொடுப்பது போலக் கொடுத்து இந்தப் பக்கம் வழுக்கிக்கொண்டு போனான். தடியன் வெறும் புல்லை உதைத்து விழுந்தான். கூட்டம் சிரித்துக் கும்மாளம் போட்டது. துரை எதிர்க்கரையில் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

கூட்டம் சிரித்தது, ஆனால் எதற்காக அவன் விழுகிறான் என்பது கூட்டத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் கட்டிய கட்டு அது. அந்த ரகசியம் என் தொண்டையில் அரித்துக்கொண்டே இருந்தது. இவ்வளவு நல்ல வேடிக்கையை இத்தனை ஜனம் பாதிதான் பார்க்கிறதே என்று தாங்கமுடியவில்லை. சொன்னால் துரை காதில் விழுமா என்று ஒருமுறை யோசித்தேன். துரைக்குத்தான் தமிழ் தெரியாதே. அந்த ஒன்றைத்தான் யோசித்தேன். மைதானத்துக்குள் இருபத்திரண்டு பேருக்குத் தமிழ் தெரியும் என்பது புத்தியில் ஏறவில்லை. நான் எப்போதும் ஜனங்களைப் பார்த்துப் பேசுகிறவன். ஆடுகிறவர்களுக்கும் காது உண்டு என்பதை மறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பிற்பாதி. என் மைத்துனன் நடு மைதானத்தில் பந்தை எடுத்து இரண்டு பேரைக் கடந்தான். நான் குழலை உயர்த்தினேன்.

"பாருங்க சாமிகளா! நல்லாப் பாத்துக்குங்க! இந்த ஜில்லாவுல இல்ல, எந்த ஜில்லாவுலயும் இவன மாதிரி ஒரு ஆட்டக்காரன் பொறக்கல! அது காலே இல்லீங்க, தறியில ஓடற நாடா!"

கூட்டம் எழுந்து கத்தியது. துண்டுகள் பறந்தன. அவன் பந்தைக் காலடியில் நிறுத்தினான். நின்று, என் பக்கம் முகத்தைத் திருப்பினான். பகட்டு பண்ணுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். தூக்கியாயிற்று, இனிக் கீழே போடவேண்டும். குழலைத் தடியன் பக்கம் நேராகத் திருப்பினேன். அவன் எனக்குப் பத்தடி தூரத்தில்தான் இருந்தான்.

"பாவம் இந்த பூட்ஸுக்காரரு! கட்டுப் போட்ட காலையே தேடித் தேடி ஒதைக்கறாரு! ஏனுங்க பூட்ஸு, நோவு அந்தக் கால்ல இல்லீங்க, பக்கத்துக் கால்லீங்க! கடை மாறி வந்துட்டீங்க!"

அதுவரைக்கும், அதற்குப் பிறகும், நான் அப்படி ஒரு சிரிப்பை வாங்கியதில்லை. புளியமரத்தடியில் நின்ற பெண்பிள்ளைகள்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்காதவன் தடியன் மட்டும்தான். அவன் என்னை ஒரு முறை பார்த்தான். பிறகு என் மைத்துனனின் இடது காலைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு என் கைரேகை போலத் தெரியும். அவன் ஓட ஆரம்பித்தான். குழல் என் வாயிலேயே இருந்தது. 'விலகுடா' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம், நேரம் இருந்தது. அந்தச் சொல்லைச் சொல்லாமல், சிரிப்பு அடங்கட்டும், அடுத்ததைச் சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

பூட்ஸ் முழங்காலில் பட்ட சத்தம் எதிர்க்கரை வரைக்கும் கேட்டது என்று பின்னால் சொன்னார்கள். காய்ந்த விறகை முழங்காலில் வைத்து முறிக்கிற சத்தம். என் மைத்துனன் கத்தவில்லை. உட்கார்ந்து, தன் கால் இருக்கும் கோணத்தை ஆச்சரியமாகப் பார்த்தான்.

ரெப்ரீ ஊதினார், எங்களுக்கு ப்ரீ கிக் கொடுத்தார். நான்கு பேர் அவனைத் தூக்கி வந்து என் காலடியிலேயே கிடத்தினார்கள். நான் அந்த ப்ரீ கிக்கை விவரித்துக்கொண்டிருந்தேன். அழுமூஞ்சி என்று நான் பெயர் வைத்தவன்தான் உதைத்தான். பந்து வலைக்குள் போனது. நான் 'கோல்' என்று குழல் கிழியக் கத்தினேன். கத்திவிட்டுக் குனிந்தபோது என் மைத்துனன் மனைவி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரில் நின்றிருந்தாள். எனக்கு நேர் பின்னால், புளியமரத்தடியில்தான் இத்தனை நேரமும் நின்றிருந்திருக்கிறாள். புருஷனுக்கு வேலை நிரந்தரமாவதைப் பார்க்க வந்தவள். குழலைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள், பிறகு புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ஆட்டம் முடிகிறவரைக்கும் குழலை இறக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் துரை அழுமூஞ்சியை விரலால் காட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை என் மைத்துனன் பெயரை அடித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தான். பிறகு நாட்டுக்கட்டு. மூங்கில் பத்தை வைத்து, முட்டைவெள்ளை தடவிக் கட்டிப்பார்த்தார்கள். எலும்பு கூடியது, முழங்கால் மடங்கவில்லை. இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் ஒரே கட்டையாக நின்றுவிட்டது. லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். வண்டியில் வைக்கோல் பரப்பி அவனைப் படுக்கவைத்து வெண்ணந்தூருக்கு அனுப்பினோம். வண்டி கிளம்பும்போது அவன், "அக்காவைப் பாத்துக்குங்க மாமா" என்றான். மனிதர்கள் சில நேரம் எதையாவது சொல்லவேண்டுமே என்று சொல்வார்கள்.

என் மனைவியிடம் நான் சொல்லவேண்டிய அவசியமே ஏற்படவில்லை, கடைத்தெரு சொல்லிவிட்டது. அவள் அழுது நான் பார்க்கவில்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டாள். பேசுவதை நிறுத்திவிட்டாள். உப்பு வேண்டுமா என்பதைக்கூட உப்புக் கிண்ணத்தை நகர்த்தித்தான் கேட்பாள்.

நான் பேசுவதை நிறுத்தவில்லை. அந்த ஆட்டத்துக்குப் பிறகுதான் என் பெயர் ஊரெல்லாம் பரவியது. ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் என்று எங்கே ஆட்டம் நடந்தாலும் ஆள் அனுப்பினார்கள். தகரக் குழல் போய் மைக் செட் வந்தது. நடுவில் ஆட்டம் மந்தமானால் கூட்டம் கேட்கும்: "பூட்ஸுக்காரரு கதையச் சொல்லுங்க!" நான் சொல்வேன். 'கடை மாறி வந்துட்டீங்க' என்று முடிக்கும்போது கூட்டமும் சேர்ந்து சொல்லும். எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. ஒரு தடவைகூட நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. கேட்டால் மனசு உள்ளுக்குள் அழுதது என்று சொல்லவேண்டும், அழவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

யுத்தம் முடிந்து நூல் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்க ஆரம்பித்தது. வெண்ணந்தூருக்கு நான் அதுவரைக்கும் ஒருமுறைகூடப் போகவில்லை. ஒரு நாள் காலை என் மனைவி என் செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள். வெகுநாளைக்குப் பிறகு பேசினாள். "வாங்க. ஒருக்கா வந்து கண்ணால பாருங்க." போனோம்.

தறி ஓடிக்கொண்டிருந்தது. தறிக்குழியில் இருந்தது அவன் மனைவி. மிதிக்கட்டையை மிதிக்க இரண்டு காலும் மடங்கவேண்டும். அவனால் குழிக்குள் இறங்கவே முடியாது. அவன் சுவரில் சாய்ந்து, இடது காலை நேராக நீட்டி, நாடாவுக்குள் வைக்கிற நூலை ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தான். எங்கள் பக்கத்தில் அது பெண்பிள்ளைகளும் வயசானவர்களும் செய்கிற வேலை. என்னைப் பார்த்ததும் அவன் முகம் அப்படியே மலர்ந்தது. எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை, சிரித்தான்.

"வாங்க மாமா, வாங்க. நீங்க வருவீங்க வருவீங்கன்னு எத்தன நாளாப் பாத்துக்கிட்டு இருந்தேன் தெரியுங்களா? உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்."

கேட்கட்டும், காலில் விழுந்துவிடலாம் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன்.

"அன்னைக்கு அந்தத் தடியன் வர்றது எனக்குத் தெரிஞ்சுதுங்க மாமா. கடைக்கண்ணுல பாத்துட்டேன். ஒதுங்கியிருக்கலாம், ஒரு எட்டுத்தான். ஆனா நீங்க குழல்ல சொன்னீங்கல்லங்க, எந்த ஜில்லாவுலயும் இவன மாதிரி ஒருத்தன் பொறக்கலைன்னு? உங்க வாயால அப்படி நான் கேட்டதே இல்லீங்களே. இன்னும் என்னமோ சொல்றீங்கன்னு தெரிஞ்சுது, அதையும் கேட்டுட்டுப் போலாமுன்னு நின்னுட்டேன். கூட்டம் போட்ட கத்துல அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. என்ன சொன்னீங்க மாமா அதுக்கப்பறம்?"

தறி நின்றுவிட்டது. அவன் மனைவி குழிக்குள்ளிருந்து திரும்பவில்லை. நாடாவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். என் மனைவி நிலைப்படியில் நின்றாள். அவளுக்கும் தெரியும். அவர்கள் இரண்டு பேரும் இத்தனை நாள் இந்த வீட்டுக்குள் அதை நுழையவிடவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னைக் காப்பாற்றுவதற்காக அல்ல. அவனுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

"நல்லாத்தான் சொன்னேன் மாப்ளே" என்றேன்.

"அந்தக் கொரல்லயே சொல்லுங்க மாமா. குழல்ல சொல்றாப்புல. ஒரே ஒருக்கா."

சொன்னேன். அந்த வீட்டின் நடுவில் நின்று, ஆயிரம் பேருக்குச் சொல்கிற குரலில், அன்றைக்குச் சொன்னதைச் சொன்னேன். நாடா வரைக்கும் சொல்லி, அதற்குமேல் சொல்லாததையும் சொன்னேன்: கல்கத்தாவில் ஆடவேண்டியவன், துரைமார்கள் எழுந்து நின்று கை தட்டவேண்டியவன், நான் உடைத்த கால்களுக்கெல்லாம் சேர்த்துப் பிறந்த ஒரு கால். வார்த்தை தட்டுத்தடங்கல் இல்லாமல் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான் வரும். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொண்டு, குழிப் பக்கம் திரும்பினான்.

"கேட்டியா புள்ள, மாமா சொன்னத?"

அவள் நாடாவைத் தறியில் வைத்தாள்.

"அன்னைக்கே கேட்டனுங்க" என்றாள்.